குளிர்த்தியன்று அறை காலியில்லை

என் மகனின் தொலைபேசியில் ‘வீடு’ என்று பதிந்திருக்கும் இலக்கம் என்னுடையது அல்ல. கல்குடாவில் இருக்கும் அவன் மாமியாருடையது. சென்ற ஆண்டு வாழைச்சேனைப் பக்கம் ஒரு லொறி அவனுடைய மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டுப் போனபோது, வீதியில் கிடந்தவனைத் தூக்கிய நல்ல மனிதர் யாரோ அந்த ‘வீடு’ என்பதைத்தான் அழுத்தியிருக்கிறார். மாமியார் ஆஸ்பத்திரிக்கு ஓடி, இரத்தம் கொடுக்க ஆள் தேடி, மருமகள் அழுது மயங்கிவிடக் கையெழுத்தும் தானே போட்டு, அவனைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகே எனக்குச் செய்தி வந்தது. நான் அப்போது வகுப்பில் நின்று இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இருக்கை இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

அவன் பிழைத்தான். இடது காலில் கம்பி வைத்தார்கள். ஆனால் எனக்குள் அந்த நாள் இன்னும் முடியவில்லை. யாராவது படலையைச் சத்தமாகத் திறந்தால் நெஞ்சு திடுக்கிடும். வகுப்பில் ஒரு பிள்ளை பிந்தினால் அதன் வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிப்பேன். இவ்வளவு பயத்துக்குள்ளும் என்னை அதிகம் அரித்தது லொறி அல்ல, அந்தக் கையெழுத்து. என் பிள்ளையின் காலை வெட்டித் தைக்க வேறொருத்தி சம்மதம் கொடுத்திருக்கிறாள்.

மட்டக்களப்பில் ஆண்பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் புதினம் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போவான். அதில் யாருக்கும் குறைவு இல்லை, ஊரே அப்படித்தான். என் கணவரும் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து என் வீட்டுக்கு வந்தவர்தான். எனக்குப் பெண் இல்லை, ஒரே மகன். அவன் போவான் என்று தொட்டிலில் கிடக்கும்போதே தெரியும். தெரிந்திருப்பதால் மட்டும் மனம் பழகிவிடுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கல்குடாவுக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கேதானே அவன் வீடு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தோடம்பழப் பையோடு போய், கட்டில் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, நோயாளி பார்க்க வந்தவளைப் போல இருந்துவிட்டு வருவேன். “தேத்தண்ணி குடிங்க மச்சாள்” என்று சம்பந்தி ஓடி ஓடிக் கவனிப்பாள். அவள் நல்லவள். அது இன்னும் கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் வாய்விட்டு நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம்.

சம்பந்தி கணவனை இழந்தவள். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் அவளுடைய வளவுக்குள் மூன்று அறைகள் கட்டி, பாசிக்குடாவுக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவந்தாள். பெரிய ஹோட்டல்களில் இடம் கிடைக்காதவர்களை ஓட்டோக்காரர்கள் கூட்டிவருவார்கள். மகன் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவன். கால் முடியாமல் கிடந்த மாதங்களில் அவனுக்கு யோசனை வந்தது. மாமியின் விடுதிக்கு ஒரு இணையத்தளம் செய்தால், ஓட்டோக்காரர்களை நம்பியிருக்கத் தேவையில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு எங்கள் கரையில் கடல் அடங்கி, ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு காலை நீட்டி வைத்தபடி வேலை தொடங்கினான்.

என் பாடசாலைக்கு ஒரு பக்கம் செய்து தா என்று நான் இரண்டு வருடமாகக் கேட்டிருந்தேன். “செய்வம் அம்மா” என்பான். கதை அதோடு முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, “அம்மா, நீங்க தமிழ் டீச்சர்தானே, இதைத் திருத்தித் தாங்க” என்று லெப்டொப்பை என் மடியில் வைத்தான். ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம். கடல் கூப்பிடு தூரத்தில், மாமர நிழலில் மூன்று அறைகள், அமைதி, தூய்மை என்று நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதற்குக் கீழே, ‘அம்மாவின் கையால் சமைத்த இறால் குழம்பும் குரக்கன் பிட்டும்’ என்று இருந்தது.

எனக்குக் கை ஓடியது. ‘அம்மாவின்’ என்பதை அழித்து ‘மாமியின்’ என்று அடித்தேன்.

அவன் எட்டிப் பார்த்தான். “அம்மா, அது வேணுமெண்டுதான் அப்பிடிப் போட்டிருக்கன். வெளிநாட்டாக்களுக்கு மாமி எண்டா விளங்காது.”

“இது தமிழ்ப் பக்கம்தானே மனே? வெள்ளைக்காரனா தமிழ் வாசிக்கப் போறான்?”

“தமிழாக்களுக்கும் அம்மா எண்டாத்தான் ஒரு இது வரும்.”

“எனக்கும் ஒரு இது வருது” என்றேன்.

குசினிக்குள்ளிருந்து சம்பந்தி குரல் கொடுத்தாள்: “என்ன கா பிரச்சினை அங்க?”

“ஒண்டுமில்ல மாமி, எழுத்துப் பிழை” என்றான்.

கடைசியில் ‘வீட்டுச் சமையல்’ என்று மாற்றினான். அதில் யாருடைய கையும் இல்லை. வீடு யாருடையது என்று யோசித்தால் அதுவும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது. அதை நான் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன்.

பிறகு படங்கள். கட்டில் விரிப்புகள், மாமரத்தில் கட்டிய தொங்கு படுக்கை, நண்டு வைத்த தட்டு. இவற்றோடு ‘குடும்பம்’ என்று ஒரு படம். மகன் கதிரையில் இருக்கிறான். மருமகள் ஒரு பக்கம். மறுபக்கம் சம்பந்தி, மயில் பச்சை நிறச் சேலையில், அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டான். கொஞ்சம் இருட்டாக இருக்கிறது என்று எழுதினேன். உண்மையில் நல்ல வெளிச்சம். அவள் கை வைத்திருந்த விதம் படம் எடுப்பதற்காக வைத்தது போல இல்லை. அடிக்கடி வைக்கும் இடத்தில் வைத்தது போல இருந்தது.

“எப்பிடி கை வச்சிருக்கா எண்டு பாருங்க” என்று என் கணவரிடம் தொலைபேசியை நீட்டினேன்.

அவர் வயல் வட்டைக்குள் உரம் வீசிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பார்த்தார். “மறுகா என்ன, காலையா வைக்கிறது?” என்றார். பிறகு, “என்ட அம்மாவும் உன்ட அம்மாவைப் பத்தி இப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ” என்றார். அவர் சொன்னது நியாயமாக இருந்ததால் கோபம் கூடியது.

இங்கே நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் சத்திரசிகிச்சை அறைக்குள் இருந்தபோது, ஆஸ்பத்திரி நடை ஓடையில் நின்று எங்கள் ஊர் அம்மனிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன்: இவனை உனக்கே விற்று வாங்குகிறேன், உயிரைத் தா. நோயில் தப்பிய குழந்தையைப் பெற்றவள் கோயிலில் கொண்டுபோய் அம்மனுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூசை செய்யும் கட்டாடியார் குழந்தையை வாங்கிக்கொண்டு, “ஆர் வாங்குறது?” என்று கேட்பார். சொந்தத்தில் ஒருவர் காணிக்கை வைத்து வாங்கித் தாயின் கையில் கொடுப்பார். விற்றவளே வாங்கக்கூடாது. அன்றிலிருந்து பிள்ளை அம்மன் தந்த பிள்ளை.

வழக்கமாகக் கைக்குழந்தைகளைத்தான் விற்பார்கள். என் கணவர் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தாடி வச்ச கிடாயை ஆரு வாங்குவான்? தீனிச் செலவுக்கே காணாது.” மகனும் சிரித்தான். ஆனால் வருகிறேன் என்றான். வைகாசிச் சடங்கின் கடைசி நாள், குளிர்த்தியன்று காலையில்தான் எங்கள் கோயிலில் நேர்த்திகள் தீர்ப்பார்கள். விபத்துக்குப் பிறகு வரும் முதல் சடங்கு இது. நான் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இணையத்தள வேலை இழுபட்டு வைகாசிக்குப் போனது. திறக்கும் நாள் நெருங்க நெருங்க அவன் பேச்சு மாறியது.

“குளிர்த்திக்கு வருவாய்தானே மனே?”

“பார்ப்பம் அம்மா. திறந்து ஒரு கிழமைகூட ஆகாது. அண்டைக்கு ஆக்கள் வந்து நிண்டாங்கள் எண்டா மாமியத் தனிய விட்டுட்டு வர ஏலா.”

“நேர்த்தி மனே.”

“அம்மன் எங்க போகப் போறா? அடுத்த வருஷம் செய்வமே.”

அடுத்த வருடம் என்று அவன் சொன்ன அந்த இலேசான குரல் என்னை உலுக்கிவிட்டது. வீதியில் ஒரு லொறி திரும்புவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அறிந்தவன் பேசுகிற பேச்சா? வாக்குக் கொடுத்தவள் நான். தீர்க்காமல் இருந்தால் யாரிடம் கேட்பாள் அம்மன்? இந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. படித்தவள், ஆசிரியை, நீங்களுமா என்பார்கள். பயத்துக்குள் மற்றதும் இருந்தது. மாமியைத் தனிய விட ஏலாதாம். என்னை விடலாம்.

திறப்பதற்கு முந்திய வாரம் ஒரு லிங்க் அனுப்பினான். இது பரீட்சைக்கு, சும்மா ஒரு நாளைத் தெரிவுசெய்து அறை எடுத்துப் பாருங்கள், வேலை செய்கிறதா என்று சொல்லுங்கள், பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று எழுதியிருந்தான். நண்பர்களுக்கும் அனுப்பியிருந்தான்.

பாடசாலை இடைவேளையில், ஆசிரியர் அறையில் இருந்து திறந்தேன். நாட்காட்டி வந்தது. என் விரல் வேறு எங்கே போகும்? குளிர்த்தி நாளை அழுத்தினேன். எத்தனை அறை என்று கேட்டது. ஒன்று எடுத்தால் மற்ற இரண்டுக்கும் ஆட்கள் வருவார்கள். மூன்றையும் எடுத்தேன். பெயர் கேட்ட இடத்தில் என் முழுப்பெயரை, சம்பளப் பட்டியலில் இருப்பது போல, முதலெழுத்துகளோடு எழுதினேன். ஊர், தொலைபேசி இலக்கம், எல்லாம் உண்மை. அழியப்போகிறது என்று தெரிந்தும் ஒரு ஆறுதல் வந்தது. அந்த நாள் இப்போது என்னுடையது. அதோடு, அவன் பார்ப்பான், பார்த்தால் விளங்கிக்கொள்வான் என்றும் நினைத்தேன்.

சற்று நேரத்தில் பதில் வந்தது: “வேலை செய்யுது அம்மா. சுப்பர்!” ஒரு கைதட்டும் படமும். நாளைக் கவனிக்கவே இல்லை.

திறப்பு விழாவுக்கு நானும் கணவரும் போனோம். சம்பந்தி சாத்திரியாரிடம் கேட்டு, காலையில் நல்ல நேரம் குறித்திருந்தாள். முற்றத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு. அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிப் பார்த்திருக்கிறேன், புதுக் கடைக்கும் பார்த்திருக்கிறேன். லெப்டொப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அதன் முன்னால் பால் பொங்கவிட்டது அன்றுதான்.

“கம்பியூட்டரில பால் சிந்திரும், தள்ளி வை” என்றார் என் கணவர்.

“பொங்கிச் சிந்தினாத்தான் நல்லம் மாமா” என்றாள் மருமகள்.

யார் அழுத்துவது என்ற பேச்சு வந்தது. மகன் என்னைப் பார்க்கவில்லை. “மாமி, நீங்கதான்” என்றான். அவளுடைய விடுதி, அவள்தான் அழுத்த வேண்டும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் நான் குத்துவிளக்கின் திரியைத் தூண்டுவது போலக் குனிந்துகொண்டேன். அதே மயில் பச்சைச் சேலையைத்தான் உடுத்திருந்தாள். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, அழுத்தினாள். பக்கம் திறந்தது. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

மகன் ஒவ்வொன்றாகக் காட்டினான். அறைகள், சமையல், குடும்பம். நாட்காட்டியில் எல்லா நாளும் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

“இதென்ன மருமகன், சிவப்பாக் கிடக்கு?” என்றாள் சம்பந்தி.

“நிரம்பிட்டு எண்டா சிவப்பு மாமி.” அவன் குனிந்து பார்த்தான். “இன்னும் ஒருத்தரும் எடுக்கேலாதே…” மனைவியிடம் திரும்பினான். “நீ பரீட்சைக்குப் போட்டதெல்லாம் அழிச்சனீதானே?”

“அழிச்சன். பகிடிப் பேருகள் எல்லாம் அழிச்சன். இது மட்டும் உண்மையான பேர் மாதிரிக் கிடந்துது, ஆரோ முந்தியே எடுத்திட்டாங்க எண்டு விட்டிட்டன்.” என் முழுப்பெயரை அவள் எங்கே கண்டாள்? அவளுக்கு நான் மாமி.

மகன் அதைத் திறந்தான். என் பெயர் முதலெழுத்துகளோடு திரையில் நின்றது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

சம்பந்தி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். “மச்சாள் மூண்டு அறையும் எடுத்திரிக்கா! ஆருக்குக் கா இவ்வளவும்? ஊரையே கூட்டிக்கொண்டு வாறீங்களா?”

“ஒண்டு எடுத்தா மத்த ரெண்டுக்கும் ஆக்கள் வந்திருவாங்க” என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. “மறுகா இவன் வரமாட்டான்.”

சிரிப்பு நின்றது. மகன் திகதியைப் பார்த்தான். இப்போதுதான் பார்த்தான். “குளிர்த்தி” என்று மெதுவாகச் சொன்னான்.

“குளிர்த்திக்கு என்ன?” என்று சம்பந்தி கேட்டாள். அவளுக்கு நேர்த்தியைப் பற்றித் தெரியாது. மகன் சொல்லவே இல்லை. நான் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. ஆஸ்பத்திரி ஓடை, வாக்கு, அடுத்த வருடம் என்று அவன் சொன்னது, எல்லாவற்றையும் பால் பானையின் பக்கத்தில் நின்று சொன்னேன். கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மகன், “சரி அம்மா, இத அழிப்பம், மறுகா பார்ப்பம்” என்று விரலைக் கொண்டுபோனான்.

“தொடாத!” என்றாள் சம்பந்தி. எல்லோரும் திடுக்கிட்டோம். “கடை திறந்த அண்டைக்கு முதல் வந்த ஆளைத் திருப்பி அனுப்புவாங்களா? இதுதான் முதல் புக்கிங். அழிச்சா வருஷம் முழுக்க வாற ஆக்களும் அழிஞ்சு போவாங்க. கிடக்கட்டும்.”

“மாமி, அண்டைக்கு உண்மையா ஆக்கள் கேட்டா?”

“இல்லை எண்டு சொல்லு. அறை இல்லை. மச்சாள் எடுத்திட்டா.” பிறகு என்னிடம் திரும்பினாள். “நீங்க காசு கட்டவேணாம் கா. எங்கட வீட்டிலயும் அண்டைக்கு ஒருத்தரும் இரிக்கமாட்டம். எல்லாரும் வாறம்.”

எல்லாரும் என்ற சொல்லில் என் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. அவனைத்தான் கேட்டேன். அவளையும் சேர்த்துத் தந்தார்கள். அன்று மாலையே யாரோ அந்த நாளுக்கு அறை கேட்டு எழுதினார்களாம், இல்லையென்று பதில் போட்டதாக மகன் சொன்னான். சம்பந்திக்கு அது நட்டம். அதை அவள் ஒரு முறைகூட வாயெடுத்துச் சொல்லவில்லை. அவள் இப்படி நடந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவளைப் பிடிக்காமல் போக ஒரு வழி அடைபட்டது.

குளிர்த்தியன்று காலையில் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். கோயில் வீதியில் நிற்க இடமில்லாத சனம். விற்க வந்த பிள்ளைகள் எல்லாம் தோளிலும் இடுப்பிலும் அழுதுகொண்டிருக்க, வேட்டி உடுத்த என் மகன் அவர்களுக்கு நடுவில் உயரமாக நின்றான். பின்னால் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “இது நடந்து போற புள்ள கா, தூக்கத் தேவையில்ல” என்றாள் ஒருத்தி. அவனுக்குக் காது சிவந்தது.

எங்கள் முறை வந்தது. நான் அவன் கையைப் பிடித்துக் கட்டாடியாரிடம் கொடுத்தேன். குழந்தை என்றால் மடியில் வைக்கலாம். இவன் குனிந்து நின்றான். அவர் தலையில் வேப்பிலையால் தடவி, தண்ணீர் தெளித்து, “அம்மாள்ட புள்ள. ஆர் வாங்குறது?” என்றார்.

வாங்குவதற்கு என் கணவரின் தங்கையிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் முந்தானையில் முடிந்திருந்த காணிக்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு வெற்றிலைத் தட்டு நீண்டது.

“நான் வாங்குறன்” என்றாள் சம்பந்தி.

யாரும் தடுக்கவில்லை. சொந்தத்தில் ஒருவர் வாங்க வேண்டும், அவளும் சொந்தம்தான். கட்டாடியார் தட்டை வாங்கி, மகனின் கையை அவள் கையில் வைத்தார். கையெழுத்துப் போட்டு ஒரு முறை எடுத்தாள். இப்போது அம்மனின் முன்னால், ஊர் பார்க்க, விலை கொடுத்து எடுக்கிறாள்.

அவனைக் கூட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். நாலைந்து அடிதான். நடுவில் மணல் புதைந்தது. அவள் அவனைப் பார்க்காமலே அவன் இடது பக்கம் மாறி, தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தாள். அவனும் பார்க்காமலே அதில் கையை ஊன்றி, கம்பி வைத்த காலைத் தூக்கி வைத்தான். கட்டிலிலிருந்து எழுந்து முதல் அடி வைத்த நாளிலிருந்து இப்படித்தான் நடந்திருப்பார்கள். எத்தனை காலை, எத்தனை மாலை. நான் தோடம்பழத்தோடு கதிரையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஒரு நாளும் காணவில்லை.

என் முன்னால் வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கையை உடனே விடவில்லை. நான் அதைக் கவனித்தேன், அவளும் நான் கவனித்ததைக் கண்டாள். பிறகு அவன் கையைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

“இந்தாங்க மச்சாள். உங்கட புள்ள.”

நான் பற்றிக்கொண்டேன். வாங்கிய பிள்ளையோடு தாய் கோயிலை ஒரு முறை சுற்றிவர வேண்டும். நான் நடக்கத் தொடங்கினேன். அவன் தடுமாறினான். நான் அவனுடைய வலது பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவன் நின்று, என் பின்னால் சுற்றி, என்னைத் தன் இடது பக்கத்துக்கு வரவிட்டு, என் தோளில் கையை ஊன்றினான். நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. முதல் சில அடிகள் இருவரும் பிழையாக வைத்தோம். தென்னோலைப் பந்தலைத் தாண்டித் திரும்பும்போது பார்த்தேன். சம்பந்தி கூட்டத்தோடு கூட்டமாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாதவளைப் போல வெற்றிலைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டில் பக்கத்தில் நான் வைத்திருந்த முகம். அதைக் கண்டு நான் நடையை மெதுவாக்கினேன். சுற்று முடிந்தால் அவன் அவளோடு கல்குடாவுக்குப் போய்விடுவான்; கெதியில் முடிந்துவிடக்கூடாது.